எரியறைக்குள் காற்றும் நீரும்: புகையிலை வெட்டுகளும் அவற்றை நிரப்பும் முறையும்

புகைக்குழாய்க்கென்று விற்கப்படும் புகையிலை, சிகரெட்டுக்குள் அடைக்கப்படுவதைப் போல ஒரே உருவில் கடைக்கு வருவதில்லை. மெல்லிய நாடாக்களாக நறுக்கியது, அழுத்திக் கெட்டியாக்கிய பாளத்திலிருந்து தகடு தகடாகச் சீவியது, சீவாமலே விற்கப்படும் முழுப் பாளம், கயிறாக முறுக்கியது, அக்கயிற்றைக் குறுக்கே அரிந்த வில்லைகள், சிறு கனசதுரத் துண்டுகள் என்று அதற்கு ஏழெட்டு உருவங்கள் உண்டு. ஒரே வயலில் விளைந்து ஒரே விதமாகப் பதப்படுத்தப்பட்ட இலையை இவற்றுள் ஏதேனும் இரண்டு உருவங்களில் வெட்டி, ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பிப் பற்றவைத்தால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு சூட்டில் எரியும். புகையின் சுவையும் மாறும். இலையின் வேதியியல் மாறாதிருக்க, எரிதல் மட்டும் மாறுவதற்கான காரணத்தை இலைத்துண்டுகளுக்கு இடையில் எஞ்சும் வெற்றிடத்திலும், துண்டுகளுக்குள் தங்கியிருக்கும் நீரிலும் தேட வேண்டும். புகைப்பவர் புகையிலையைக் கையால் உதிர்ப்பதும், உலர விடுவதும், அடைப்பதும், அழுத்துவதும் இந்த இரண்டையும் திருத்துவதற்காகவே.

புகைக்குழாயின் தலைப்பகுதியில் குடையப்பட்ட குழியை எரியறை என்று அழைக்கலாம். பெரும்பாலான குழாய்களில் அதன் உட்குறுக்களவு 18 முதல் 20 மில்லிமீட்டர் வரையும், ஆழம் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரையும் இருக்கும். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 10 கன சென்டிமீட்டர்தான். அடியில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துளை, தண்டின் வழியாக வாய்முனைக்குச் செல்கிறது. தீ மேலே மூட்டப்படுகிறது. காற்றோ வாயால் உறிஞ்சப்பட்டு மேலிருந்து கீழாக இறங்குகிறது. ஆகவே காற்று முதலில் கனலைச் சந்தித்து, அங்கே தன் ஆக்சிஜனில் பெரும்பகுதியை இழந்து, சூடேறி, கனலுக்குக் கீழே இன்னும் எரியாமலிருக்கும் இலைக்குள் நுழைகிறது. ஆக்சிஜன் குன்றிய அந்தச் சூட்டில் இலையின் பொருள்கள் எரிவதற்கு மாறாகச் சிதைந்து ஆவியாகின்றன. இதற்கு வெப்பச் சிதைவு என்று பெயர். அதற்கும் கீழே, சூடு தணிந்த அடுக்கில், நீரும் நிகோடினும் நறுமணப் பொருள்களும் சிதையாமல் ஆவியாகி எழுகின்றன. இன்னும் கீழே, குளிர்ந்த இலையின்மீது அந்த ஆவியின் ஒரு பகுதி மறுபடியும் படிந்துவிடுகிறது. எரியறையை நெடுக்காகப் பிளந்து பார்க்க முடிந்தால், சாம்பல், கனல், சிதைவு, ஆவி, படிவு என்ற அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரு மணி நேரத்தில் ஓரிரு விரற்கடை என்ற கதியில் இறங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இங்கே நடப்பது சுடர்விட்டு எரியும் தீ அன்று என்பதை மனத்தில் இருத்துவது நல்லது. சுடரில் எரிவது எரிபொருளிலிருந்து எழும் ஆவி. கனலில் எரிவது கரியாகிவிட்ட திடப்பொருளின் மேற்பரப்பு. மேற்பரப்புக்கு எவ்வளவு காற்று வந்து சேர்கிறதோ அவ்வளவே அது எரியும் என்பதால், கனலின் வேகத்தையும் சூட்டையும் தீர்மானிப்பது காற்றின் வரத்துதான். சிகரெட்டை இழுக்கும் கணத்தில் அதன் நுனியில் சூடு 900 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது. குழாயில் மெதுவாக இழுக்கப்படும் தடித்த வெட்டு அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. இலையில் உள்ள தாதுக்களுக்கும் இதில் பங்குண்டு: பொட்டாசியம் மிகுந்த இலை அணையாமல் கனலும், குளோரின் மிகுந்த இலை, எவ்வளவு திறமையாக அடைத்தாலும், மீண்டும் மீண்டும் அணையும். உப்புத்தண்ணீர் பாய்ந்த நிலத்து இலை மெல்லுவதற்கு உதவினாலும் புகைப்பதற்கு உதவாமல் போவது இதனால்தான்.

இலையின் வகைகளைப் பற்றி இங்கே வெட்டுக்குத் தொடர்புள்ள அளவுக்கு மட்டும் சொன்னால் போதும். வர்ஜீனியா இலை, புகை உள்ளே படாதபடி குழாய்களின் வழியே சூடேற்றப்பட்ட அறையில் சில நாள்களில் உலர்த்தப்படுகிறது. இலை மஞ்சளாகும்போது அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்க, சூடு அந்த நிலையிலேயே செல்களின் இயக்கத்தை நிறுத்திவிடுவதால், சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது. 1839-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் காஸ்வெல் வட்டத்தில், ஸ்லேட் என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன், அணையவிருந்த தீயைக் கரி போட்டு மூட்டியபோது இலை பொன்னிறமானது என்பதே இம்முறையின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் ஒரு பெருந்தொழிலுக்கே அடித்தளமான கண்டுபிடிப்பு, கூலிகூடப் பெறாத ஒருவருடைய கையில் பிறந்தது. பர்லி இலையோ கொட்டகையில் வெறும் காற்றில் வாரக்கணக்கில் உலர்கிறது. அந்தக் காலம் முழுவதும் செல்கள் சர்க்கரையைச் செலவழித்துவிடுவதால் அது சர்க்கரையற்று, நுரைபோன்ற உடலோடு, தெளிக்கும் இனிப்புநீரை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். துருக்கி, கிரேக்கப் பகுதிகளின் சிற்றிலைகள் வெயிலில் உலர்த்தப்படுபவை. சிரியாவின் துறைமுகத்தால் பெயர்பெற்று, பிறகு சைப்ரஸ் தீவுக்கு இடம்பெயர்ந்த லட்டாக்கியா, விறகுப் புகையில் ஊறிக் கறுத்தது. லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துப் பெரிக், பீப்பாய்களில் திருகு அழுத்தத்தின் கீழ்ப் பல மாதங்கள் தன் சாற்றிலேயே புளித்தது. கலவை செய்பவர் இவற்றின் விகிதத்தால் சுவையை முடிவு செய்கிறார். வெட்டுபவர் அந்தச் சுவை எந்த வேகத்தில் வெளிப்படும் என்பதை முடிவு செய்கிறார்.

வெட்டுகளில் எளியது நாடா வெட்டு. நடுநரம்பு நீக்கிய இலைகளை அடுக்கி, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கினால் அது கிடைக்கும்; அதையே நூல்போல மிக மெலிதாக நறுக்கினால் ஷாக் எனப்படும் வெட்டு. மற்ற வெட்டுகள் அனைத்தும் அழுத்தத்திலோ முறுக்கிலோ தொடங்குபவை. நீண்ட பயணங்களில் மாலுமிகள் இலைகளை உருளையாகச் சேர்த்து, துணி சுற்றி, கயிற்றால் இறுகக் கட்டி வைத்து, வேண்டும்போது குறுக்கே சீவிக்கொண்டார்கள். நேவி கட் என்ற பெயர் இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. தொழிற்சாலையில் கயிற்றின் வேலையை அழுத்துப்பொறி செய்கிறது. ஈரமான இலைகள் பெட்டியில் அடுக்கப்பட்டு, பெரும்பாலும் சூட்டோடு, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ அழுத்தப்படும்போது, செல்கள் நசுங்கிச் சாறு கசிந்து இலைகளை ஒட்டவைக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்த அந்த நிலையில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் புதிய மணங்களையும் தருகின்றன. ரொட்டியின் மேல்தோலைச் சிவக்க வைப்பதும் 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் விளக்கிய இதே வினைதான். இப்படி உருவான பாளத்தை வெட்டாமல் விற்றால் பிளக்; தகடுகளாகச் சீவினால் ஃபிளேக்; சீவிய தகட்டைத் தொழிற்சாலையிலேயே உதிர்த்துவிட்டால் உதிர்வெட்டு; சதுரம் சதுரமாக நறுக்கினால் கனவெட்டு.

இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா மாவட்டத்துக் கெண்டல் நகரம், முறுக்கிய புகையிலைக் கயிறுகளுக்குப் பெயர்போனது. உள்ளே சிற்றிலைகளும் வெளியே அகன்ற முழு இலையுமாக வைத்துப் பழைய இயந்திரங்களில் திரிக்கப்படும் அக்கயிறு, திரித்த நிலையிலேயே பழுப்பு முறுக்காகவும், மேலும் அழுத்திச் சூட்டில் வேகவைத்தால் கருப்பு முறுக்காகவும் விற்கப்படுகிறது. கயிற்றைக் குறுக்கே மெலிதாக அரிந்தால் நாணயம் போன்ற வில்லை. ஒவ்வொரு வில்லையிலும் இலைகள் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பதைக் காணலாம்.

இத்தனை வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கணக்கில் அடக்கிவிட முடியும். ஒரு மில்லிமீட்டர் அகலமும் 0.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள நாடா ஒன்றின் மேற்பரப்பை அதன் கன அளவால் வகுத்தால், நீளம் எதுவாயினும், மில்லிமீட்டருக்கு 12 என்ற விடை கிடைக்கும். மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு அதே கணக்கு 2 மட்டுமே. அழுத்திய துண்டுக்குள்ளும் நுண்ணிய இடுக்குகள் இருக்கும் என்பதால் இதை ஏறத்தாழ என்றே கொள்ள வேண்டும் என்றாலும், ஒரே எடையுள்ள புகையிலையில் காற்றுக்குத் திறந்திருக்கும் பரப்பு நாடாவாக இருக்கும்போது கனவெட்டைவிட ஆறு மடங்கு அதிகம் என்பது தெளிவு. பரப்பு கூடினால் எளிதில் பற்றும், வேகமாக எரியும், வேகமாக உலரும். குறைந்தால் இம்மூன்றும் தலைகீழாகும். ஃபிளேக்கை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து உதிர்ப்பவர் செய்வதும் இந்த எண்ணை உயர்த்துவதுதான்: முழுவதும் உதிர்த்தால் அது நாடாவாகவே ஆகிவிடும், பாதி உதிர்த்தால் கட்டிகளும் துகள்களும் கலந்த இடைநிலை கிடைக்கும், உதிர்க்காமல் மடித்தே வைத்தால் தொழிற்சாலை தந்த எண்ணில் பெரிய மாற்றம் இராது.

அடுத்தது நீர். புகையிலை காற்றின் ஈரத்தைப் பார்த்துத் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ளும் பொருள். காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் உள்ளது என்ற அளவு, 60 ஆக இருக்கும் அறையில் திறந்து வைத்தால், சேர்மானம் ஏதும் இல்லாத இலையின் ஈரம் சுமார் 12, 13 விழுக்காட்டில் வந்து நிற்கும்; சிகரெட்டுகளைச் சோதனைக்குமுன் வைத்திருக்கும் பன்னாட்டுத் தர நிலையும் 60 விழுக்காட்டு ஈரப்பதமும் 22 பாகை வெப்பமும்தான். ஆனால் பெட்டியில் அடைத்து விற்கப்படும் குழாய்ப் புகையிலையில், கெடாமலும் உடையாமலும் இருப்பதற்காக, பெரும்பாலும் இதைவிட அதிக ஈரம் விடப்படுகிறது. திறந்தவுடன் நிரப்பாமல் சிறிது நேரம் தாளில் பரப்பி வைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்குக் காரணம் இதுவே. அந்த அறிவுரை குளிர்காலத்தில் கணப்பு எரியும் ஐரோப்பிய அறைகளில் பிறந்தது. அங்கே காற்று வறண்டிருக்கும். ஐப்பசி மழையில் சென்னைக் கடற்கரையை ஒட்டிய வீடு ஒன்றில் அதே இலையைப் பரப்பி வைத்தால், அது உலர்வதற்கு மாறாக மேலும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக்கூடும்.

மூன்று கிராம் புகையிலையில் ஈரம் 20 விழுக்காடு என்றால், அதில் 0.6 கிராம் நீர் இருக்கிறது. 12 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் அது ஏறத்தாழ 0.33 கிராமாகக் குறையும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வெப்பம் செலவாகும். அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைவரை சூடேற்றுவதையும் சேர்த்தால், அந்த 0.6 கிராமுக்காகக் கனல் தன் வெப்பத்தில் 1,500 ஜூலுக்கு மேல் தானம் செய்ய வேண்டியிருக்கிறது. செய்ய முடியாதபோது அது அணைகிறது. புகைப்பவர் மறுபடி தீக்குச்சி உரசி, அணைந்துவிடுமோ என்று வலுவாக இழுக்கிறார். காற்று கூடி, சூடு ஏறி, நீராவி கலந்த சூடான புகை நாக்கைச் சுடுகிறது. நாக்கு எரிச்சலுக்கு ஈரமான புகையிலையைக் காரணம் சொல்வது முரணாகத் தோன்றினாலும், வழி இதுதான்.

எனினும், தண்டுக்குள் நீர் தேங்கிக் களகளவென்று ஒலிப்பதற்கு ஈரமான இலையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. தாவரப் பொருள் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து புதிதாக நீரை உண்டாக்குகிறது. செல்லுலோஸ் முழுமையாக எரிந்தால் ஒரு கிராமுக்கு 0.56 கிராம் நீர் பிறக்கும். மூன்று கிராம் புகையிலையில் சாம்பலாகும் தாதுக்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், எலும்புபோல உலர்ந்த இலைகூட எரிந்து முடியும்போது ஒரு கிராமை ஒட்டிய நீரை உண்டாக்கிவிடும். இது ஈரமான இலையில் முன்பே இருந்த நீரைவிட அதிகம். ஆகவே உலர்த்துவதால் நீரைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. எஞ்சிய வேலை மெதுவாக இழுப்பதையும், ஆவி குளிர்ந்து படியாதபடி காற்றுவழி தடையின்றி இருப்பதையும் பொறுத்தது.

மிகையாக உலர்த்துவதும் தவறே. நீர் முழுவதும் போய்விட்டால் கனலைத் தணிப்பதற்கு ஏதும் இல்லாமல் சூடு ஏறுகிறது. நறுமணப் பொருள்களில் எளிதில் ஆவியாகுபவை முன்பே பறந்துவிடுகின்றன. நொறுங்கிய தூள் கீழே இறங்கி அடித்துளையை அடைக்கிறது. பதம் பார்ப்பதற்குக் கைதான் இன்றும் வழக்கமான கருவி: ஒரு சிட்டிகையை விரல்களால் அழுத்திவிட்டால் ஒட்டிக்கொண்டு கட்டியாகவே இருக்குமானால் ஈரம் மிகுதி, நொறுங்கினால் உலர்வு மிகுதி, மெல்லப் பிரிந்து விரிந்தால் சரியான பதம். இந்தச் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றும். தகடும் பாளமும் கயிறும் வெளியே உலர்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் என்பதால், அவற்றை வெட்டியோ உதிர்த்தோ முடித்த பிறகே உலர்த்த வேண்டும், முன்பு அன்று. இரண்டாவதாக, புரொப்பிலீன் கிளைகால், கிளிசரால் போன்ற ஈரம் பிடிக்கும் பொருள்களும் இனிப்பும் சேர்க்கப்பட்ட வாசனைப் புகையிலைகள் எத்தனை மணி நேரம் காற்றில் வைத்தாலும் பிசுபிசுப்பை விடாது. அங்கே கை உணர்வது நீரை மட்டும் அன்று. இத்தகைய கலவைகள் சூடாகவும் ஈரமாகவும் எரிவதாக எழும் புகார்களில் பெரும்பாலானவை, அடைப்பவரின் கையைவிடக் கலவையின் சேர்மானத்தைப் பற்றியவை.

அடைத்தல் என்பது வெற்றிடத்தை அளந்து வைப்பது. பொடிப்பொருள் நிறைந்த படுகை ஒன்றின் வழியே பாய்மம் எவ்வளவு எளிதாகச் செல்லும் என்பதற்கான அடிப்படை விதியை, திஜோன் நகரத்துக் குடிநீர் வடிகட்டிகளின் மணலை வைத்துச் சோதித்து, பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்டார். 1927-இல் கோசெனியும் 1937-இல் கார்மனும் அதை விரித்து, படுகையின் ஊடுவிடும் திறன் துகள் அளவின் வர்க்கத்தையும், வெற்றிட விகிதத்தின் முப்படியைத் திடப்பகுதி விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்ததையும் பொறுத்தது என்று காட்டினார்கள். மணலுக்கு எழுதப்பட்ட சமன்பாடு நெகிழும் இலைத்துண்டுகளுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், போக்கைக் காட்டுவதற்குப் போதுமானது. எரியறையில் பத்தில் ஏழு பங்கு வெற்றிடமாக இருக்கும்படி புகையிலை தளர்வாக விழுந்திருக்கிறது என்று கொள்வோம். அதை அழுத்தி உயரத்தை நாலில் மூன்று பங்காக்கினால் வெற்றிடம் பத்தில் ஆறாகும். படுகை குட்டையானதையும் கணக்கில் கொண்டால், காற்றுக்கு எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இன்னும் அழுத்தி, முதல் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்காக்கினால், எதிர்ப்பு நாலரை மடங்குக்குப் போய்விடும். விரல் உணரும் வேறுபாடு சில மில்லிமீட்டர். இழுப்பவர் உணரும் வேறுபாடு மடங்குகளில். மரத்தூள் அடுப்பை நடுவில் புட்டி வைத்து இடித்து நிரப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை: தளர்ந்தால் தூள் சரிந்து குபீரென்று எரியும், இறுகினால் புகைந்து அணையும்.

நாடா வெட்டை மூன்று முறையாக நிரப்ப வேண்டும் என்பதும், முதல் பிடியைக் குழந்தையின் கையாலும் இரண்டாவதைப் பெண்ணின் கையாலும் மூன்றாவதை ஆணின் கையாலும் அழுத்துவதுபோல அழுத்த வேண்டும் என்பதும் ஐரோப்பாவில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் விதி. ஆண் கையின் வலிமையைப் பற்றிய கற்பனையை ஒதுக்கிவிட்டால் விதியில் பொருள் இருக்கிறது. கனல் கீழிறங்க இறங்க, மேலேயிருந்து அழுத்துவதாலும், ஆவி படிவதாலும், அடிப்பகுதி தானாகவே இறுகும். ஆகவே தொடக்கத்தில் அங்கே வெற்றிடம் மிகுதியாக இருக்க வேண்டும். அதே நோக்கத்தை இன்னும் துணிவாகச் செயல்படுத்துவது, புகையிலையைப் பந்துபோலத் திரட்டி வாய்ப்பகுதியிலிருந்து உள்ளே திருகி, அடியில் ஒரு காற்றுக்குமிழை விட்டுவைக்கும் முறை. எம்முறையில் அடைத்தாலும், தீ வைக்கும் முன் வெறுமனே இழுத்துப் பார்க்கும் சோதனையே முடிவு சொல்லும்: காற்று லேசான தடையோடு வர வேண்டும், கன்னம் ஒட்டும் அளவுக்கு இழுக்க நேர்ந்தால் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

ஷாக் வெட்டில் சமன்பாட்டின் இரு முனைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. துகள் சிறிதாக இருப்பதால் சற்றே இறுக்கினாலும் காற்று நின்றுவிடும். பரப்பு பெரிதாக இருப்பதால் சற்றே தளர்த்தினாலும் எரிந்து தீர்ந்துவிடும். சிறிய எரியறையும் சிறிய இழுப்பும் அதற்குப் பொருந்தும். கனவெட்டு இதற்கு நேர் எதிர்: அதை அழுத்தவே தேவையில்லை, கொட்டி, குழாயைத் தட்டிக் குலுக்கினால் துண்டுகள் தம்முள் அமைந்துகொள்ளும், இடைவெளிகள் பெரிதாகவே நிற்கும். அதன் குறை பற்றவைப்பதில் இருக்கிறது. மேலே சிறிது உதிர்த்த தூளைச் சுள்ளிபோலத் தூவினால் தீ பிடித்துக்கொள்ளும்.

தகட்டை உதிர்க்காமல் அடைப்பதுதான் கற்றுக்கொள்ள நாளாகும் கலை. ஒன்றிரண்டு தகடுகளை நீளவாக்கில் மடித்து, பிறகு குறுக்கே மடித்து, இலையின் வரி மேலும் கீழுமாக நிற்கும்படி, எரியறைக்குள் செருக வேண்டும். வரி நெட்டுக்குத்தாக இருந்தால் அடுக்குகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் காற்றுக்கு வழியாகும். படுக்கையாக இருந்தால் அதே அடுக்குகள் காற்றை மறிக்கும். இதில் பழகாதவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, அறை நிறைந்திருப்பது போலத் தோன்றும்வரை திணிப்பது. அழுத்துப்பொறி நசுக்கிய செல்கள், சூடும் நீராவியும் பட்டதும் தம் பழைய பருமனை நோக்கி விரிகின்றன; தீ மூட்டும்போது சரியாக இருந்த அடைப்பு பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறும். ஆகையால் தகடு எரியறையில் கொஞ்சம் ஆடும்படிக்கு இருந்தால் அது தளர்வாகத் தெரிந்தாலும் பிறகு சரியாகும். பாளத்தைக் கத்தியால் சீவும்போது கனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை புகைப்பவருக்கே கிடைக்கிறது; தாள்போலச் சீவி உதிர்த்தால் நாடா, குச்சி குச்சியாக நறுக்கினால் தகட்டுக்கு நிகர், சதுரமாக்கினால் கனவெட்டு. கயிறு மிகவும் ஈரமாகவும் காரமாகவும் இருக்கும் என்பதால், ஒரு மில்லிமீட்டருக்கு மிகாத வில்லைகளாக அரிந்து, சுருளைப் பிரித்து, நன்றாக உலர்த்திய பிறகே, சிறிய அளவில், நிரப்பப்படுகிறது.

நிரப்பிய பிறகு இரண்டு முறை தீ வைப்பதும் இதே இயற்பியலின் தொடர்ச்சிதான். முதல் தீயில் மேல் அடுக்கின் துண்டுகள் நீரை இழந்து, ஒருபுறம் உலர்ந்து மறுபுறம் உலராமல் முறுக்கிக்கொண்டு எழும்பும். தம்முள் தொடர்பற்றுப்போன அவற்றில் கனல் பரவாது. அவற்றை அழுத்துக்கோலால் மெல்லச் சமப்படுத்தினால், கரிந்து உலர்ந்த ஒரு சீரான தளம் கிடைக்கும்; இரண்டாவது தீ அந்தத் தளம் முழுவதும் ஒரே நேரத்தில் பரவும். பிறகும் அவ்வப்போது சாம்பலை இலேசாக அமுக்கிவிடுவது, கனலுக்கும் அதன் கீழுள்ள இலைக்கும் இடையே தொடர்பு அறுபடாமல் காப்பதற்காகவே. சாம்பலை உடனுக்குடன் கொட்டுவதும் தேவையற்றது. மேலே கிடக்கும் சாம்பல் கனலின் வெப்பத்தைத் தக்கவைக்கும் போர்வையாகிறது.

இந்தத் திறமைகள் அனைத்தும் புகையை இதமாக்குமே அன்றித் தீங்கற்றதாக்கா. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியாவின் புகை அமிலத்தன்மை உடையது. பர்லி, கருப்பு முறுக்கு போன்ற சர்க்கரை குன்றிய இலைகளின் புகை காரத்தன்மையை நோக்கிச் சாய்வது. காரச் சூழலில் நிகோடின் மின்னேற்றமற்ற வடிவில் இருப்பதால், நுரையீரலுக்கு இழுக்காமலே வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். குழாய் புகைப்பவர்கள் புகையை விழுங்காமலே அதற்கு அடிமையாவது இதனால்தான். ஜெர்மானிய உடற்கூறியலாளர் சாமுவேல் தாமஸ் ஸோமரிங், குழாய் புகைப்பவர்களின் கீழுதட்டில் புற்று தோன்றுவதை 1795-லேயே குறித்திருக்கிறார். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குக் குழாய்ப் புகையும் காரணம் என்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைக்கு ஐயம் இல்லை. மெதுவாகவும் குளிர்ச்சியாகவும் எரியும் புகை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, குழாய் புகைப்போர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்களில் மிகப் பழையது.

அடைக்கும் கலையின் எல்லையைக் காட்டுவது, குழாய்ச் சங்கங்கள் பல நாடுகளில் நடத்தும் மெதுவாகப் புகைக்கும் போட்டி. போட்டியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரே வகைக் குழாயும், 3 கிராம் புகையிலையும், இரண்டு தீக்குச்சிகளும், பற்றவைக்க ஒரு நிமிடமும் தரப்படும். அதன்பின் அணைந்தால் வெளியேற வேண்டும். வழக்கமாகப் புகைப்பவர் ஒருவர் முக்கால் மணி நேரத்தில் எரித்துவிடும் அந்த மூன்று கிராமை, சிறந்த போட்டியாளர்கள் மூன்று மணி நேரத்துக்கும் மேல் அணையாமல் வைத்திருக்கிறார்கள். கணக்கிட்டால் நிமிடத்துக்கு 17 மில்லிகிராம் மட்டுமே எரிகிறது. அவர்கள் நாடாவை விரல்களால் மேலும் நுணுக்கி, சாதாரணமாகப் புகைப்பவர் துணியாத அளவுக்கு இறுக அடைத்து, மூச்சோடு மூச்சாக மட்டுமே காற்றைக் கொடுத்து, கனலை அணைவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்தி வைக்கிறார்கள். சுவை அங்கே பொருட்டல்ல. அது ஒருவகை உலை இயக்கம்.

எவ்வளவு கவனமாக அடைத்தாலும் அடியில் சிறிது எரியாமல் எஞ்சும். மேலிருந்து ஆவியாகி இறங்கிய நீரும் நிகோடினும் தாரும் வந்து தங்கிய அந்த ஈரக் கசடு, முழுப் புகையிலையின் வடிகட்டியாக வேலை செய்து முடித்தது. பெரும்பாலோர் அதைத் தட்டிக் கொட்டிவிடுவார்கள். ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ் கொட்டுவதில்லை. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் சொல்லும் அந்தத் துப்பறிவாளர், 1892-இல் வெளிவந்த பொறியாளரின் கட்டைவிரல் பற்றிய கதையில், முந்தைய நாள் குழாய்களில் எஞ்சிய கசடுகளையெல்லாம் கணப்பு மாடத்தின் ஓரத்தில் உலர்த்திச் சேர்த்து, காலை உணவுக்கு முன் அதையே நிரப்பிப் புகைக்கிறார். வேதியியல் பயின்றவராக அவரை டாயில் படைத்திருந்தாலும், நாளெல்லாம் வடிந்த நிகோடினும் தாரும் செறிந்த அந்தக் கலவையைத் தேர்ந்தெடுத்தது சுவையறிந்த செயல் ஆகாது. உலர்த்தியபின் நிரப்பினார் என்ற அளவில் மட்டும் அவர் செய்தது சரி.